ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள்

பிரித்தானியாவில் வயதான பெற்றோரோடு மாடி வீட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும்,



உங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஸ்டேர்லிஃப்ட் கதிரை ஒன்று இருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். அந்தக் கதிரையை என்றைக்கோ ஒருநாள் கழற்ற வேண்டி வரும். புதுக் கட்டிலையோ அலுமாரியையோ மேலே ஏற்ற வேண்டியிருக்கும். படிக்கட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். பழைய காப்பெட்டைக் கிழித்துவிட்டுப் புதியது போட வேண்டியிருக்கும். கழற்றுவது யாராக இருந்தாலும் திரும்பப் பூட்டும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. கம்பனிக்காரர் வர நாளாகும் என்கிறார்கள். அம்மா கீழே முன்னறையில் சோபாவில் படுத்துக்கொண்டு, மேலே உள்ள குளியலறைக்கு எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கையில் ஸ்பனர் இருக்கிறது. நாலு போல்ட்தானே என்று தோன்றுகிறது.

ஸ்டேர்லிஃப்ட் பொருத்துவதும் திருத்துவதும் என் தொழில். நீங்கள் அதைத் தொடவே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கவனமான கைகளால் செய்யக்கூடிய வேலை அதில் கொஞ்சம் இருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பூட்டி முடித்ததும் கதிரை ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நிற்க வேண்டிய நேரங்களிலெல்லாம் அது நிற்கிறதா என்று பாருங்கள். அதைச் சோதித்து முடிக்கும்வரை அம்மாவையோ அப்பாவையோ அதில் இருத்தாதீர்கள்.

1983இல் இலங்கையில் நடந்த இனக்கலவரத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்களும், அவர்கள் பின்னாளில் கூப்பிட்டுக்கொண்ட தாய் தகப்பனும் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். ஹரோவிலும் டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் நாங்கள் வாங்கிக் குடியேறிய வீடுகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான்: கீழே முன்னறையும் குசினியும், மேலே படுக்கையறைகளும் குளியலறையும், இடையில் ஒடுங்கிய செங்குத்தான படிக்கட்டு. இந்த நாட்டில் 65 வயதைக் கடந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வருடத்துக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள். 80ஐக் கடந்தவர்களில் அது பாதிப்பேர் என்று தேசிய சுகாதார சேவை சொல்கிறது. படியில் விழுவது சமதரையில் விழுவதைப் போல முடிவதில்லை. அதனால்தான் அந்தக் கதிரை உங்கள் வீட்டுக்கு வந்தது. கட்டிலுக்குப் போவதற்கும் கழிப்பறைக்குப் போவதற்கும் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடாமல் இருக்க முடிகிறதென்றால், அது அந்தக் கதிரையால்தான்.

ஸ்பனரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். கதிரை யாருடையது? கவுன்சிலோ வீட்டுச் சங்கமோ பொருத்தித் தந்து இன்னமும் அவர்களே பராமரிக்கிறார்கள் என்றால் அதில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. தொலைபேசியில் அவர்களைக் கூப்பிடுங்கள். வாடகைக் கதிரை என்றாலும் அப்படியே. சொந்தக் கதிரையாக இருந்து உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை என்றால், நீங்கள் கழற்றிப் பூட்டுவது அந்த உத்தரவாதத்தைக் கெடுக்குமா என்று பத்திரத்தை வாசித்துப் பாருங்கள். கதிரை உங்களுடையது, உத்தரவாதம் முடிந்துவிட்டது, அந்த மாதிரிக்கு உரிய கையேடு கையில் இருக்கிறது, அந்தக் கையேடும் இருக்கையைக் கழற்றிப் பூட்டும் முறையைச் சொல்கிறது என்றால் மட்டும் ஸ்பனரை எடுங்கள். கம்பனிக்குக் கம்பனி, மாதிரிக்கு மாதிரி அமைப்பு மாறும். நான் சொல்லும் எதுவும் உங்கள் கையேட்டுக்கு முரணாக இருந்தால் கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

இந்தக் கருவிக்குள் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். தண்டவாளம் சுவரில் தொங்குவதில்லை. சிறு கால்களால் படிகளில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் நகரும் பெட்டிக்குள் மோட்டரும் கியரும், பெரும்பாலான மாதிரிகளில் இரண்டு 12 வோல்ட் பற்றரிகளும் இருக்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்து 24 வோல்ட். சுவர் பிளக் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது; கதிரையை ஓட்டுவது பற்றரி. பெட்டியின் மேல்தான் இருக்கை உட்காருகிறது. ஐரோப்பியத் தரநிர்ணயத்தின்படி கதிரையின் வேகம் விநாடிக்கு 15 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. வேகம் கட்டுமீறினால் தானாகப் பிடித்து நிறுத்தும் பொறியும் உள்ளே இருக்கிறது.

இவற்றோடு, நீங்கள் அன்றாடம் கவனிக்காத சிறு சுவிச்சுகள் பல இருக்கின்றன. கால்பலகையின் விளிம்பில் ஏதாவது தட்டுப்பட்டால் நிறுத்த ஒன்று. பெட்டியின் பக்கங்களில் தட்டுப்பட்டால் நிறுத்த இன்னொன்று. இருக்கை திரும்பிய நிலையில் பூட்டு விழாமல் இருந்தால் ஓடவிடாமல் தடுக்க ஒன்று. தண்டவாளத்தின் இரு முனைகளிலும் நிறுத்த ஒன்று. இருக்கையின் கைப்பிடியில் உள்ள பொத்தானும் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் ஓடுவதற்காக அமைக்கப்பட்டது. கை தளர்ந்தால் கதிரை நிற்க வேண்டும். நல்ல சாரதி என்று நாங்கள் யாரைச் சொல்கிறோம்? நிறுத்தத் தெரிந்தவரைத்தானே. இந்தக் கதிரையையும் அப்படித்தான் மதிப்பிட வேண்டும். இருக்கையைக் கழற்றும்போது இந்தச் சுவிச்சுகளில் சிலவற்றின் வயர்களையும் சேர்த்தே கழற்றுகிறீர்கள். திரும்பப் பூட்டும்போது மோட்டருக்குக் கட்டளை போகும் வயர் சரியாகப் பொருந்தினால் கதிரை ஓடிவிடும். நிறுத்தும் சுவிச்சின் வயர் நசுங்கிக் கிடந்தாலும் சில வேளை அது ஓடக்கூடும். ஓடுவதை மட்டும் பார்ப்பது போதாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி வேலைக்கு வருவோம்.

கழற்றுவதற்கு முதல்நாளே அம்மாவிடம் சொல்லுங்கள். கதிரை இல்லாத நாட்களில் அவர் எங்கே படுப்பார், கழிப்பறைக்கு என்ன வழி, மருந்துகளும் கண்ணாடியும் உடுப்பும் கீழே இருக்கின்றனவா என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். கதிரை இல்லை என்பதற்காகப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்து ஏற முயல்வதும், படியில் இருந்து இருந்து இறங்குவதும் எங்கள் அம்மாமாருக்கு வழக்கம். பிள்ளைக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்ற எண்ணம்தான் அவர்களை அப்படிச் செய்யவைக்கிறது. அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளாதீர்கள்.

கதிரையைப் படிக்கட்டின் அடியில், சார்ஜ் ஏறும் இடத்தில் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நடுப்படியில் நின்று கழற்ற வேண்டாம். சுவர் பிளக்கைப் பிடுங்கினால் மின்சாரம் இல்லை என்று நினைக்காதீர்கள். பற்றரியில் 24 வோல்ட் அப்படியே இருக்கிறது. பெட்டியில் உள்ள சுவிச்சையும் நிறுத்துங்கள். காப்பையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். பற்றரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பனரோ மோதிரமோ ஒன்றாகத் தொட்டால் அந்தக் கணத்தில் பாயும் மின்னோட்டம் உலோகத்தைப் பழுக்கக் காய்ச்சிவிடும். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்னும் போனில் படம் எடுங்கள்: வயர் எந்த வழியாகப் போகிறது, எந்த வாஷர் எந்தப் போல்ட்டின் கீழ் இருக்கிறது, இருக்கை எந்தத் துளையில் எந்த உயரத்தில் நிற்கிறது என்று எல்லாம் தெரியவேண்டும். போல்ட்டுகளை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். இருக்கை பாரமானது, தனியாகத் தூக்காதீர்கள்.

காப்பெட் மாற்றும்போது தண்டவாளத்தையும் தூக்கிவிட்டால் வேலை சுத்தமாக வரும் என்று காப்பெட் போடுபவர் சொல்லக்கூடும். அதற்கு ஒப்பாதீர்கள். தண்டவாளத்தின் கால்கள் படி மரத்தைப் பிடித்திருக்கும் பிடியில்தான் முழுப் பாரமும் நிற்கிறது. அதைக் கழற்றிப் பூட்டுவது தொழில் தெரிந்தவரின் வேலை. கால்களைச் சுற்றிக் காப்பெட்டை வெட்டிப் போடலாம். முன்பிருந்ததைவிடத் தடிப்பான காப்பெட் என்றால் பெட்டிக்கும் கால்பலகைக்கும் கீழே இடைவெளி குறையும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

திரும்பப் பூட்டும்போது கழற்றிய அதே போல்ட்டுகளையே போடுங்கள். ஒன்று தொலைந்துவிட்டால் கராஜில் கிடக்கும் வேறொன்றை எடுத்து மாட்டாதீர்கள். நீளம் கூடிய போல்ட் உள்ளே சுழலும் பாகத்தில் முட்டும். நீளம் குறைந்த போல்ட் புரியில் போதிய பிடி கொள்ளாது. உள்ளே நைலோன் வளையம் உள்ள நட் ஒருமுறை கழற்றினால் அதன் பிடி குறையும். அதைப் புதிதாக மாற்றுவதே நல்லது. எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் சுழற்றி உட்செலுத்துங்கள். விரலுக்கு வராத போல்ட் புரி பிசகி நிற்கிறது. ஸ்பனரால் வலிந்து திருகினால் புரி அழிந்துவிடும். பிறகு ஒரேயடியாக ஒன்றை இறுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கையேட்டில் ஓர் எண் இருந்தால், அந்த அளவுக்கு இறுக்கக்கூடிய டோர்க் ரெஞ்சைக் கடன் வாங்கியாவது பாவியுங்கள்.

வயர்களுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, படத்தில் இருந்த அதே வழியாக எடுத்துச் செல்லுங்கள். மின்சாரத்தைப் போடுவதற்கு முன் இருக்கையைக் கையால் இரு புறமும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எங்காவது வயர் இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். மேல்தளத்தில் இருக்கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் உறுதிசெய்யுங்கள். அது படிக்கட்டின் பள்ளத்துக்கு முதுகைக் காட்டி, தளத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். பக்கம் மாற்றிப் பூட்டினால் எழும்புகிறவரின் கால் வெறும் வெளியை நோக்கி நீளும்.

உயரத்தை அம்மாவின் உடலை வைத்தே தீர்மானியுங்கள். முன்பு அப்பாவுக்காக உயர்த்தி வைத்த இருக்கையில் இப்போது அம்மா மட்டும் போய்வருகிறார் என்றால், இதுவே அதைத் தாழ்த்தக்கூடிய சந்தர்ப்பம். உங்கள் மாதிரியில் உயரம் மாற்ற வழி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால், அம்மாவின் உள்ளங்கால் முழுதாகக் கால்பலகையில் பதியும்படி மாற்றுங்கள். எழும்பும்போது முழங்கால் வலிக்கக்கூடாது. இருக்கையைத் தாழ்த்திய பிறகும் கால்பலகை எந்தப் படியிலும் முட்டாமல் போய்வர வேண்டும்.

இனித்தான் உண்மையான வேலை. அவசரப்படாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள்.

முதலில் கைப்பிடிகளைப் பிடித்து இருக்கையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையுங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது. பிறகு மின்சாரத்தைப் போட்டு, ஆளில்லாமல் வெறும் கதிரையை மேலே அனுப்புங்கள். இரண்டு முனைகளிலும் தானாக நிற்கிறதா? நடுவழியில் பொத்தானை விட்டால் நிற்கிறதா? மேலே இருக்கையை அரைவாசி திருப்பி வைத்துப் பொத்தானை அழுத்துங்கள், கதிரை நகரக்கூடாது. ஏறும் வழியில் ஒரு படியில் வெறும் காலணிப் பெட்டி ஒன்றை வையுங்கள். கால்பலகை அதைத் தொட்டதும் நிற்க வேண்டும். எதிர்த் திசைக்கு மட்டும் போக வேண்டும். இறங்கும்போதும் அதே சோதனை. பெட்டியின் பக்கங்களுக்கும் அதே சோதனை. இவற்றில் எந்த ஒன்றிலாவது நிற்க வேண்டிய கதிரை நிற்கவில்லை என்றால், மீதி எல்லாம் அழகாக ஓடினாலும் வேலை முடியவில்லை. சுவிச்சை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது பாரம். எங்கள் வீடுகளில் அரிசி மூட்டைக்குப் பஞ்சமில்லை. ஒன்றிரண்டு மூட்டைகளை இருக்கையில் வைத்து பெல்ட்டால் கட்டி, மேலும் கீழும் அனுப்புங்கள். புதிய சத்தம் கேட்கிறதா, திணறுகிறதா, இருக்கை சாய்கிறதா என்று பாருங்கள். கதிரை எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதில் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும். உங்கள் நிறை அந்த எல்லைக்குள் என்றால் அதற்குப் பிறகு நீங்களே இருந்து போய்வாருங்கள். பற்றரியையும் மறக்காதீர்கள். கதிரை பல நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்திருந்தால் பற்றரி இளைத்திருக்கும். ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டு, மறுநாள் சுவர் பிளக்கை நிறுத்தி, மேலும் கீழும் சில தடவைகள் ஓட்டிப் பாருங்கள். மின்சாரம் நின்ற இரவில் அம்மா நடுப்படியில் சிக்கக்கூடாது என்பதற்கான சோதனை இது. கதிரை விடாமல் பீப் பீப் என்று கத்தினால் பெரும்பாலும் அது சார்ஜ் ஏறும் இடத்தில் சரியாக நிற்கவில்லை என்று அர்த்தம். ஒரு வாரம் ஓடிய பின் போல்ட்டுகளை இன்னொரு தடவை சரிபாருங்கள்.

இப்போது அம்மாவைக் கூப்பிடலாம். முதல் சில தடவைகள் நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். சேலை முந்தானை, ஹவுஸ்கோட்டின் ஓரம், சால்வை, வேட்டி நுனி எதுவும் இருக்கைக்கு வெளியே தொங்காமல் மடியில் ஒதுக்கிக்கொள்ளப் பழக்குங்கள். இந்தக் கதிரைகளை வடிவமைத்தவர்கள் மனதில் சேலை கட்டிய பயணி இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. தொங்கும் துணி கால்பலகையின் மூட்டிலும் தண்டவாளத்தின் பல்லிலும் போய்ச் சிக்கும். வீட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள் விரல் நுனியைப் பலகைக்கு வெளியே விடக்கூடாது. பெல்ட் போடுவதை எங்கள் பெரியவர்கள் அநாவசியம் என்று நினைப்பார்கள். "நான் விழமாட்டன்" என்பார்கள். கெஞ்சியாவது போடவையுங்கள். கதிரையில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, மேலும் கீழும் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிறகு அம்மாவிடமே கேளுங்கள்: "முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் வித்தியாசம் தெரிகிறதா?" தினமும் அதில் போய்வருகிறவருக்கு நீங்கள் கவனிக்காத ஆட்டமும் தெரியும், நீங்கள் கேட்காத சத்தமும் கேட்கும். "பரவாயில்லை பிள்ளை" என்று அவர் சொன்னால் அதோடு விடாதீர்கள். என்ன பரவாயில்லை என்று கேளுங்கள்.

நீங்கள் தொடக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தண்டவாளம், அதன் பல், மோட்டர், கியர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொறி ஆகியவற்றில் கைவைக்க வேண்டாம். வளைந்த படிக்கட்டுக்கான தண்டவாளம் அந்தப் படிக்கட்டுக்கென்றே அளந்து செய்யப்படுவது. சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடக்கிறது என்று எடுத்துவந்து உங்கள் வீட்டில் பொருத்த முடியாது. வேறு மாதிரியின் இருக்கையை உங்கள் பெட்டியில் ஏற்ற முயலாதீர்கள். எல்லாவற்றிலும் கொடியது இது: ஏதோ ஒரு சுவிச் தடுப்பதால் கதிரை ஓடவில்லை என்று கண்டுபிடித்து, அதன் இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி ஓடவைப்பது. வயர் பற்றி அறிந்தவருக்கு அது சில நிமிட வேலை. அம்மாவைக் காப்பாற்ற வைத்திருந்த ஒரு காவலை அந்த நிமிடத்தில் நீங்களே அகற்றிவிடுகிறீர்கள். ஒருநாளும் செய்யாதீர்கள். மற்றவர் செய்ய விடாதீர்கள்.

முதியோர் இல்லம் ஒன்றில் ஆட்களை ஏற்றி இறக்கும் கருவி என்றால், தூக்கும் கருவிகளுக்கான 1998ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி தகுதியுள்ள ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். சொந்த வீட்டில் சொந்தக் கதிரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சட்டம் யாரையும் அனுப்பாத இடத்தில் அந்தப் பரிசோதகரின் பொறுப்பு உங்களிடம் வந்து நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது காசு கொடுத்து ஒரு தொழில்நுட்பவியலாளரைக் கூப்பிட்டுப் பார்க்கவையுங்கள். இடைப்பட்ட காலத்தில் நான் சொன்ன சோதனைகளை நீங்களே செய்யுங்கள்.

காசு இல்லாததால் சிலர் பழுதான கதிரையையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். உதவிக்கு வழிகள் இருக்கின்றன. 1996ஆம் ஆண்டு வீட்டு மானியச் சட்டத்தின் கீழ் இயங்கும் உடற்குறை உள்ளோருக்கான வீட்டு வசதி மானியம் இங்கிலாந்தில் 30,000 பவுண் வரையும் வேல்ஸில் 36,000 பவுண் வரையும் கிடைக்கக்கூடியது. பெரியவர்களுக்குப் பொதுவாக வருமானமும் சேமிப்பும் கணக்கில் எடுக்கப்படும். கவுன்சிலைக் கூப்பிட்டு, வீட்டுக்கு வந்து பார்க்க ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள். நாட்பட்ட நோயோ உடற்குறையோ உள்ளவருக்காக வாங்கும் ஸ்டேர்லிஃப்டுக்கு வாட் வரி இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலப் படிவம் நிரப்ப வராது, கேட்கவும் கூச்சம். அவருக்காகக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

எங்கள் பழைய மாணவர் சங்கங்களிடமும் கோயில்களிடமும் ஊர் ஒன்றியங்களிடமும் ஒன்று கேட்கிறேன். விழா எடுக்கவும் ஊருக்கு உதவி அனுப்பவும் நீங்கள் கூடுகிறீர்கள். வருடத்தில் ஒரு பின்னேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, கதிரையை எப்படிச் சோதிப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். மானியப் படிவத்தை நிரப்ப இரண்டு இளையவர்களை ஒழுங்குபண்ணுங்கள். தனியே வாழும் பெரியவர்களின் வீட்டுக் கதிரையை யாராவது போய்ப் பார்த்துவரச் செய்யுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத அம்மாமார் எங்களுக்குள் நிறையப் பேர்.

இந்த மடலை வாசித்து முடித்ததும், உங்கள் கதிரையை நீங்கள் கழற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுந்துபோய் ஒரு வெறும் பெட்டியைப் படியில் வைத்துக் கதிரையை ஓட்டிப் பாருங்கள். அது நின்றால் பெட்டியை எடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நிற்காவிட்டால் இன்றைக்கே சுவிச்சை நிறுத்துங்கள், அம்மாவுக்குக் கீழே படுக்கை போடுங்கள், நாளை காலை முதல் வேலையாகத் தொலைபேசியை எடுங்கள்.

அன்புடன்,
ஸ்டேர்லிஃப்ட் திருத்தும் உங்களில் ஒருவன்